முள் இறங்கினால் நம்பாதீர்கள்

கராஜுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், இப்போது துணிந்து இந்தத் தொழிலில் கால் வைக்கத் தொடங்கியிருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒன்று சொல்கிறேன். எஞ்சின் கொதித்து நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் போனால், முதல் வேலையாக இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. கொதிக்கிற எஞ்சினைவிட அவசரப்படுகிற கைதான் இந்தத் தொழிலில் அதிகம் கெடுத்திருக்கிறது. யாரோ கத்துவார்கள், யாரோ அழுவார்கள், ரோட்டில் போகிறவனெல்லாம் திடீரென்று மெக்கானிக் ஆகிவிடுவான். கை பைக்குள் இருந்தால்தான் மூளைக்கு வேலை செய்யக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

நான் பிலிமத்தலாவையில் வேலை செய்தவன். கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகிற ரோடு கடுகண்ணாவை ஏற்றத்தை முடித்து மூச்சு வாங்குகிற இடம் அது. மூச்சு வாங்க முடியாத வண்டிகளெல்லாம் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த ஏற்றம்தான், நன்றி கெட்டு அதைத் திட்ட மாட்டேன்.

அந்த ஏற்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. மலையிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு பீலியில் விழ வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். முகம் கழுவுவார்கள், ஒரு வாய் குடிப்பார்கள், கேனைப் பிடித்து ரேடியேட்டருக்கும் ஊற்றுவார்கள். வண்டிக்குத் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பீலிக்கு வந்தால் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். இதனால் என்ன ஆகும் என்றால், வண்டி எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பது சொந்தக்காரருக்கே தெரியாமல் போய்விடும். வருத்தம், அதாவது நோய், வளர்ந்துகொண்டே இருக்கும், பீலி அதை மூடி மறைத்துக்கொண்டே இருக்கும்.

மாவனல்லையில் புடவைக் கடை வைத்திருந்து ஓய்ந்த ஒரு முஸ்லிம் மனிதர் என்னிடம் வந்த கதை இப்படித்தான். நான் அவரை நானா என்றும் அவருடைய மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் மூத்த முஸ்லிம்களை அண்ணன், அக்கா என்று அழைக்கிற முறை அது. நானாவிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. கடை நன்றாக ஓடிய காலத்தில் வாங்கியது. ராத்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்கு வந்து டயலிசிஸ் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்.

"எனக்கு ரெண்டு நோயாளி பாஸ்," என்றார் நானா, காரின் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு. தொழில் தெரிந்தவனை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒண்ட மெஷின்ல போடுறோம். மத்தத எங்க போடுறண்டு தெரியல்ல. தண்ணி குடிச்சிட்டே ஈக்கி. எங்க போகுதுண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

பின் சீற்றிலிருந்து ராத்தா சிரித்தார். "கேட்டுக்குங்க பாஸ். பீலில நிப்பாட்டி இதுக்கு கேன் கேனா குடிக்கக் குடுக்குறாரு. நான் ஒரு மொடக்கு கேட்டா, டொக்டர் ஏசுவாருன்றாரு."

அது வெறும் பகிடி இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நோயில் குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போகாது. அதனால் நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்க வேண்டும். மெஷினுக்குப் போகிற நாள் காலையில் தாகம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில்தான் நானா பீலியில் காரை நிறுத்திச் சளசளவென்று ஊற்றிக்கொண்டிருப்பார், ராத்தா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னிடம் வருவதற்கு முன் கார் இரண்டு கராஜ் ஏறி இறங்கியிருந்தது. ஒருவர் ரேடியேட்டரை மாற்றியிருந்தார். இன்னொருவர், ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். ஒயில் சுத்தமாக இருந்தது, தண்ணீர் கலந்திருந்தால் பால் தேத்தண்ணி மாதிரி ஆகியிருக்கும். ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. காற்றை அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. நிறுத்தியே எஞ்சினை ஓட விட்டேன், சூடு காட்டுகிற முள் நடுவில் நல்ல பிள்ளையாக நின்றது. காருக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் காணாமல் போகிறது, போன வழி தெரியவில்லை என்றால் இத்தனை வருடம் நான் என்ன தொழில் செய்தேன்?

அதற்கு முந்திய வாரம் அந்தக் கார் ஏற்றத்தில் நின்று, ராத்தாவால் தன் முறைக்குப் போய்ச் சேர முடியாமல் போயிருந்தது. உடம்பில் தேங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, படுக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்திருக்கிறார். இன்னொரு முறை தவற விட்டால் தங்களால் பொறுப்பெடுக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.  "வேற வண்டில போங்களேன் நானா," என்றேன். பஸ் படி ராத்தாவால் ஏற முடியாது, த்ரீவீல் குலுக்கினால் வாந்தி எடுப்பார், ஹயருக்கு வருகிறவன் சொன்ன நேரத்துக்கு வர மாட்டான் என்று நானா அடுக்கினார். அவ்வளவும் உண்மைதான். ஆனால் அவளை நானேதான் கூட்டிப்போவேன் என்கிற பிடிவாதமும் அதற்குள் இருந்தது. அந்தப் பிடிவாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கராஜில் ஒழுகாத கார் ஏற்றத்தில்தான் ஒழுகுகிறது என்றால், நானும் ஏற்றத்தில் இருக்க வேண்டும். அடுத்த முறைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒன்று, பீலியில் நிற்கக் கூடாது, வழியில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. மற்றது, பின்னாலேயே ஒரு வேன் வர வேண்டும், கார் நின்றால் ராத்தாவை உடனே அதில் ஏற்றிவிட வேண்டும். நானா இரண்டுக்கும் தலையாட்டினார்.

காலையில் பஸ்ஸில் மாவனல்லைக்கு இறங்கிப் போனேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டரிலிருந்த வெறும் தண்ணீரை வெளியேற்றி, பச்சை நிறக் கூலண்ட் கலந்து கழுத்து வரை நிரப்பினேன். ஒழுகினால் நிறம் காட்டிக் கொடுக்கும் என்பது என் கணக்கு. நானா ஓட்டினார், நான் பக்கத்தில், ராத்தா பின்னால். வேன் வழியில் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்து நான் கேட்கவில்லை. அவருடைய முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

ஏற்றம் தொடங்கியது. முள் நடுவில் நின்றது. பீலி வந்ததும் நானாவின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. "போங்க நானா," என்றேன். பீலி பின்னால் போனதும், ஏதோ பாவம் செய்துவிட்டவர் போல வாய்க்குள் ஓதத் தொடங்கினார்.

இரண்டு வளைவு தாண்டியிருக்கும். "வாசம் வருது," என்றார் ராத்தா.

"என்ன வாசம் ராத்தா?"

"இருமலுக்குக் குடிக்கிற சிரப் மாதிரி. இனிச்ச வாசம்."

"இவளுக்கு வருத்தம் வந்ததில இருந்து எல்லாத்திலயும் வாசம்தான்," என்றார் நானா. "சோத்திலயும் வாசம், சவர்க்காரத்திலயும் வாசம்."

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஒயிலும் பெற்றோலும் நாற்பது வருடமாக ஏறிய மூக்கு இது. ஆனால் கூலண்ட் சூட்டில் எரிந்தால் இனிப்பு வாசம்தான் அடிக்கும். நான் முன்னுக்குக் குனிந்து முள்ளைப் பார்த்தேன். அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"நானா, ஏறுது. பின்னால வேன் வருதா பாருங்க, ஓரமா எடுத்து ராத்தாவ மாத்திருவோம்."

நானா கண்ணாடியைப் பார்க்கவில்லை. 

"வேன் எங்க நானா?"

"வேன் வரல்ல," என்றார் மெதுவாக. "நான் சொல்லவும் இல்ல. பாஸ் இருக்கீங்கதானே, கார் நிக்காதுண்டு நெனச்சிட்டேன்."

என் வாயில் வந்ததை ராத்தா பின்னால் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். என்மேல் நம்பிக்கை வைத்த மனிதரை எப்படித் திட்டுவது? முள் இப்போது சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட நின்றது. அந்த வளைவுகளில் ஓரமாக நிறுத்த இடமே இல்லை; ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், பின்னால் கோன் அடிக்கிற லொறி. கொஞ்சம் முன்னால் ரோடு அகலமாகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். அதுவரை தாங்குமா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முள் இறங்கியது. கொஞ்சமாக இல்லை, யாரோ கையால் பிடித்து இழுத்த மாதிரி நடுவைத் தாண்டிக் கீழே வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் நானா. அவருடைய தோள் இரண்டும் தளர்ந்தன. "எறங்கிட்டு பாஸ்! பாத்தீங்களா, எறங்கிட்டு!"

தம்பிமாரே, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது கொஞ்சத் தடவைதான். முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சர் தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் அதைவிட்டுக் கீழே போய்விட்டால் அது வெறும் காற்றில் தொங்கும், குளிர்ந்துவிட்டது என்று பொய் சொல்லும். சிவப்பு வரை ஏறிய முள், ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எல்லோரும் நிம்மதிப்படுகிற அந்த நேரம்தான் எஞ்சின் செத்துக்கொண்டிருக்கிற நேரம்.

"நிப்பாட்டுங்க நானா! இந்தா, இந்த அகலத்தில எடுத்து எஞ்சின ஓஃப் பண்ணுங்க!"

"ஏன்? இப்பதானே எறங்கின. இப்படியே போனா மேல ஏறிரலாம் பாஸ். அவளுக்கு நேரமாகுது."

"நிப்பாட்டுங்க!"

அவர் காலை எடுக்கவில்லை. நான் சாவியைப் பிடித்துத் திருகியிருக்கலாம். அந்த வளைவில் அப்படிச் செய்தால் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும், பிரேக்கும் பிடிக்காது, மூன்று பேரும் பள்ளத்தில் கிடப்போம். என் சொல் அவர் காதில் ஏறவில்லை. ஏறியது ராத்தாவின் சொல்தான்.

"நிப்பாட்டுங்க," என்றார் பின்னாலிருந்து. சத்தம் போடவில்லை, சத்தம் போட மூச்சும் இல்லை. "வாசம் கூடிட்டு. பாஸ் சொல்றத கேளுங்க."

நானா காரை ஓரத்துக்கு எடுத்து எஞ்சினை நிறுத்தினார். பொனட்டின் பின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி ஆவி வந்தது.

பிறகு நடந்ததை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். பின்னால் வந்த லொறி நின்றது. ரோட்டோரத்தில் ஆனைக்கொய்யா விற்றுக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். ஆளுக்கொரு வைத்தியம். லொறிக்காரர் துவாயை நனைத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். திறந்திருந்தால் அந்தக் கொதி அவருடைய முகத்துக்குத்தான் வந்திருக்கும். பழக்காரர் எங்கிருந்தோ பீலித் தண்ணீர் ஒரு கேன் கொண்டு வந்து நீட்டினார். நானா அதைப் பறித்துக்கொண்டார்.

"ஊத்துவம் பாஸ். ஊத்திட்டு மெதுவா போவம். இவ்வளவு நாளும் அப்படித்தானே போன!"

"இவ்வளவு நாளும் உள்ள கொஞ்சம் தண்ணி இருந்துச்சு நானா. இப்ப காஞ்சி கெடக்கு. பச்சத் தண்ணிய ஊத்துனா ஹெட் வெடிச்சிரும். அதோட காரும் இல்ல, பயணமும் இல்ல."

"அப்ப அவள என்ன செய்ற?" என்று கத்தினார்.  "சொல்லுங்களேன், அவள என்ன செய்ற?"

கேள்வி சரியானது. நான் அந்த நேரம் வரை எஞ்சினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். காரைத் திருத்தி ராத்தாவைக் கொண்டு போவது ஒரு வழி. காரைக் கைவிட்டு அவரைக் கொண்டு போவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு மெக்கானிக் தேவையில்லை, அதனால்தான் மெக்கானிக்குக்கு அது தோன்றுவதில்லை. நான் ரோட்டுக்கு நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தேன்.

முதலில் வந்தது பஸ், விலகிப் போனது. அடுத்து ஒரு சின்னக் கார். ஓட்டியவர் வேலைக்குப் போகிற ஓர் இளம் சிங்களப் பெண். நோயாளி, டயலிசிஸ், கண்டி என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் ராத்தாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், பக்கத்து சீற்றிலிருந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டார்.

ராத்தாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஏற்றினேன். நானா நகரவில்லை. தன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கார யாரு பாக்குற? இப்படியே ரோட்ல உட்டுட்டு எப்படிப் போற?"

"நீங்க என்னோட வாறீங்களா, காரோட ஈக்கப் போறீங்களா?" என்று கேட்டார் ராத்தா, கண்ணாடியை இறக்கி.

நானா காரின் கதவை விட்டார். போய் ஏறினார். அந்தச் சின்னக் கார் வளைவில் மறைந்தது.

நான் கைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். எஞ்சின் ஆற வேண்டும், வேறு வேலை இல்லை. மனம் மட்டும் ஆறவில்லை. போய்ச் சேர்ந்தார்களோ, பேராதனையில் வாகன நெரிசலோ, மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களோ என்று மாறி மாறி ஓடியது. அதை அடக்கத்தான் வாசத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். ராத்தாவுக்கு வாசம் எப்படி வந்தது? கண்ணாடிகள் மூடியிருந்தன. காருக்குள் வெளிக்காற்று நுழைவது முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாக. அது எஞ்சினுக்குப் பின்பக்கம். நாங்கள் எல்லோரும் முன்பக்கத்திலேயே, ரேடியேட்டரிலும் பம்ப்பிலும் தேடிக்கொண்டிருந்தோம். ராத்தாவின் மூக்கு பின்பக்கம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது.

ஆறிய பிறகு டோர்ச்சை எடுத்து எஞ்சினுக்குப் பின்னால் அடித்தேன். ஹீட்டருக்குப் போகிற குழாய்கள் இரண்டையும் யாரோ எப்போதோ வெட்டிவிட்டு, ஒன்றோடொன்றை ஒரு துண்டு ரப்பர் ஹோஸால் இணைத்து வைத்திருந்தார்கள். நம் நாட்டில் ஹீட்டர் எதற்கு என்று நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். செய்தவர் போட்ட துண்டுதான் பிழை. கொதிநீருக்கு உரிய ஹோஸ் இல்லை, கையில் கிடைத்த ஏதோ ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது விரலால் அழுத்தினாலும் தெரியவில்லை. ஏற்றத்தில் சூடும் அழுத்தமும் கூடி, ரப்பர் இளகும்போது மட்டும் வாய் திறக்கும். ஒழுகுவது நேரே கீழே உள்ள சைலன்ஸர் குழாயில் விழும், விழுந்ததும் ஆவியாகிவிடும். தரைக்கு ஒரு சொட்டும் வராது. குழாயின் மேல் கூலண்ட் காய்ந்த பச்சைக் கறை அன்றைக்கு மட்டும் புதிதாக இருந்தது. வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி அத்தனை நாளும் அந்தக் கறையைக்கூட விழ விடாமல் வைத்திருந்தது பீலி.

போன் அடித்தது. நானாதான். 

"சேத்திட்டாங்க பாஸ்," என்றார். "அந்தப் புள்ள வாசல் வரைக்கும் கொண்டுவந்து உட்டுட்டு, வேலைக்குப் பிந்துதுண்டு ஓடிட்டு. மெஷின்ல போட்டாச்சு."

நான் பழக்காரரின் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.  கராஜிலிருந்து ஒருவர் சரியான ஹோஸ் கொண்டு வந்தார், மாட்டினோம், மெதுவாக நிரப்பினோம், எஞ்சின் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. இன்னும் இரண்டு வளைவு ஓட்டியிருந்தால் அது இரும்புக்கடைக்குத்தான் போயிருக்கும்.

ஓட்டுகிறவர் தன் வண்டியைக் காப்பாற்றிப் பேசுவார், அது இயற்கை. ஏறி உட்கார்ந்து வருகிறவர் சொல்வதையும் கேளுங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் இந்தக் கதையை நினைத்தால் எனக்கு ஹோஸ் நினைவுக்கு வருவதில்லை.

அடுத்த முறைக்கும் நான் கூடப் போனேன், கார் சுகமாகிவிட்டதா என்று உறுதி செய்ய. பீலி வந்தது. முள் நடுவில் இருந்தது. "இனி நிக்கத் தேவையில்ல," என்று நானா பெருமையாகச் சொன்னார்.

"நிப்பாட்டுங்க," என்றார் ராத்தா.

நானா நிறுத்தினார். ராத்தா மெல்ல இறங்கிப் போய் முகம் கழுவினார். பிறகு இரண்டு கைகளையும் குவித்து, தண்ணீரை வாய் நிறைய எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கன்னம் இரண்டும் உப்ப அப்படியே நின்றார்.  குடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, குடித்துவிடட்டுமே என்றும் இருந்தது. வெகு நேரம் கழித்துக் குனிந்து, எல்லாவற்றையும் ரோட்டோர வடிகானுக்குள் துப்பினார்.

திரும்பி, நானாவுக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினார். "பாருங்க. ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகல்ல."

நானா பழக்க தோஷத்தில் டிக்கியிலிருந்து கேனை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தார். பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. காருக்கு அன்று தண்ணீர் தேவைப்படவில்லை. அவர் வெறும் கேனைப் பிடித்தபடி, ராத்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.